பழத்தேநீர் ருசிப்பதும் சேர்ப்பதும்: மூணாறு, போடி, குமுளி மலைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பழத்தேநீர் வாங்கப் போகிறவர்கள் பொட்டலத்தைத் திறந்து முகர்ந்து பார்ப்பார்கள். மாம்பழ வாசமோ ஸ்ட்ராபெரி வாசமோ தூக்கலாக வந்தால் உடனே வாங்கிவிடுவார்கள். வீட்டுக்கு வந்து போட்டுக் குடித்தால் அந்த வாசம் கோப்பைக்கு மேலேயே நின்றுவிடும். நாக்குக்கு வெந்நீரும் துவர்ப்பும்தான் மிஞ்சும். இரண்டு பொட்டலம் இப்படிப் போனதும், "பழ டீ எல்லாம் சும்மா" என்று விட்டுவிடுவார்கள். அப்படி விட வேண்டியதில்லை. பழத்துக்கு அடியில் இருக்கும் தேயிலையைக் கண்டுபிடிக்கப் பழகினால் போதும், நல்ல பழத்தேநீர் எது என்று நாக்கே சொல்லிவிடும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அதற்கான பயிற்சிதான்.

இந்தப் பொழுதுபோக்குக்கு நம் எல்லைப் பகுதியைப் போல வாய்ப்பான இடம் கிடைப்பது அரிது. மேலே மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு எல்லாம் தேயிலை மலை. 1880ல் ஏ.எச். ஷார்ப் பார்வதி தோட்டத்தில் ஏறக்குறைய 50 ஏக்கரில் நட்டதுதான் மூணாறு மலையின் முதல் தேயிலை என்பார்கள். அன்றிலிருந்து அங்கே கொழுந்து பறித்த கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். போடிமெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ இறங்கினால் தேனி மாவட்டம். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தல்கள். நடுவே வண்டன்மேட்டு ஏலக்காய். வடக்கே மறையூர் தாண்டிப் போனால் காந்தளூரில் ஆப்பிள், பிளம்ஸ், ஆரஞ்சு, ஸ்ட்ராபெரி. தேயிலையும் பழமும் ஒரு நாள் பஸ் பயணத் தொலைவுக்குள் இருக்கின்றன.

எதைப் பழத்தேநீர் என்கிறோம்

கடையில் ஒரே அலமாரியில் மூன்று வேறு சரக்குகள் உட்கார்ந்திருக்கும். இவற்றைப் பிரித்துத் தெரிந்துகொள்ளாமல் சேர்க்கத் தொடங்கினால் ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது.

ஒன்று, மணமூட்டிய தேயிலை. உண்மையான தேயிலையின் மேல் பழ எண்ணெயோ மணச்சாறோ தெளித்தது. உலகத்திலேயே பெயர் பெற்றது ஏர்ல் கிரே. தென் இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் தோல் எண்ணெயைக் கலப்பார்கள். 1830 முதல் 1834 வரை பிரிட்டனின் பிரதமராக இருந்த சார்லஸ் கிரேயின் பட்டப்பெயர் அது. சீனாவின் லிச்சி கறுப்புத் தேயிலையும் இந்த வகையில் சேரும்.

இரண்டு, தேயிலையே இல்லாத பழக் கலவை. உலர்ந்த ஆப்பிள் துண்டு, ரோஜாக் காய், ஆரஞ்சுத் தோல் எல்லாம் இருக்கும். சிவப்பு நிறமும் புளிப்பும் பெரும்பாலும் ரோசெல் செடியின் தடித்த புல்லி இதழ்களிலிருந்து வரும். செம்பருத்தியின் நெருங்கிய சொந்தம் அது. ஆந்திரக் கோங்குராக் கீரையும் அதே செடிதான். "பெர்ரி டீ" என்று எழுதியிருக்கும் டப்பாவில் பெர்ரியைவிட ரோசெல்தான் அதிகம் இருப்பது வழக்கம். இதில் காஃபின் கிடையாது. தேயிலையின் துவர்ப்பும் கிடையாது. குழந்தைகளுக்கும் இரவு நேரத்துக்கும் நல்லது. ஆனால் இதைத் தேயிலையோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடக் கூடாது.

மூன்று, நாமே வீட்டில் பழத்தையும் தேயிலையையும் சேர்த்துப் போடுவது. எலுமிச்சைச் சாறு சேர்த்த கட்டன் சாயாவான மலபார்ப் பக்கத்துச் சுலைமானி இதில் சேரும். எனக்கு மிகவும் பிடித்தது இந்த மூன்றாவது வகைதான். அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பின்னால் சொல்கிறேன்.

முதலில் வெறும் தேயிலை

பழத்துக்குப் போவதற்கு முன் ஒரு மாதம் வெறும் கட்டன் சாயாவோடு பழகுங்கள். பால் வேண்டாம், சர்க்கரை வேண்டாம். நம் வீடுகளில் வழக்கமாக வாங்குவது சி.டி.சி. தூள். 1930களில் அஸ்ஸாமில் வந்த அந்த இயந்திரம் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கிவிடும். பாலோடு நன்றாக நிற்கும்; நிறமும் வலுவும் உடனே இறங்கும். பழ மணத்துக்கு அது அவ்வளவு பொருந்தாது. துவர்ப்பு முந்திக்கொள்ளும், மென்மையான மணம் பின்னால் ஒதுங்கிவிடும்.

பழத்தேநீருக்கு அடித்தளமாக ஆர்த்தடாக்ஸ் முறையில், அதாவது குருணையாக்காமல் உருட்டிச் சுருட்டிய இலையை வாங்குங்கள். கொழுக்குமலைத் தேயிலை அதற்கு எடுப்பான உதாரணம். நிலம் தேனி மாவட்டம், போடி வட்டம். ஜீப் போகும் வழி கேரளத்துச் சூரியநெல்லி. 7,000 அடிக்கு மேலே, மரச்சட்டம் போட்ட பழைய இயந்திரங்களில் இன்றும் இலையை உருட்டுகிறார்கள். மூணாறு நல்லதண்ணியில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள். கொழுந்து தூளாகிற வரைக்கும் ஒவ்வொரு கட்டமும் கண்ணெதிரே நடக்கும். இலையை வாடவைப்பது, உருட்டுவது, காற்றில் கறுக்கவிடுவது, உலர்த்துவது என்ற வரிசை மனத்தில் பதிந்துவிட்டால், கோப்பையில் வரும் பூ மணம், பச்சை வாசம், சுட்ட வாசம் எங்கிருந்து வருகின்றன என்பது புரியத் தொடங்கும்.

பழமே சேர்க்காத தேயிலையிலும் பழ மணம் உண்டு என்பதை இந்த மாதத்தில் உணர்ந்தாக வேண்டும். டார்ஜிலிங்கின் இரண்டாம் பருவ இலைக்கு மஸ்கட் திராட்சை மணம் வரும். தத்துப்பூச்சிகள் கொழுந்தைக் கடிக்கும்போது செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பொருள்கள்தான் அந்த மணத்துக்குப் பெரிய காரணம். நம் மலையின் நல்ல குளிர்கால இலையிலும் மெல்லிய பூ, எலுமிச்சைச் சாயல் தெரியும். இதை ஒருமுறை பிடித்துவிட்டால், பழம் சேர்த்த தேயிலையில் எது இலையுடையது, எது மேலே தெளித்தது என்று பிரிக்க முடியும்.

சாமான்கள்

அதிகம் தேவையில்லை. உள்பக்கம் வெள்ளையான பீங்கான் கோப்பைகள் மூன்று நான்கு, ஒரே அளவில். ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் சிறிய எலெக்ட்ரானிக் தராசு. நைலான் அல்லது எவர்சில்வர் வடிகட்டி. துணி வடிகட்டி வேண்டாம், அது நேற்றைய டீயை நினைவில் வைத்திருக்கும். மூடி போட்ட சிறிய பாத்திரம். செல்போனில் நேரம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு நோட்டு.

நீங்கள் எந்த உயரத்தில் இருக்கிறீர்கள்

வெளியூர் வழிகாட்டிகள் இதைச் சொல்ல மாட்டார்கள், நமக்கோ இது மிகவும் முக்கியம். ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி குறைகிறது. போடியிலும் கம்பத்திலும் தண்ணீர் 99 டிகிரிக்கு அருகில் கொதிக்கும். குமுளியில் சுமார் 97. மூணாறு நகரத்தில் 95. கொழுக்குமலையில் 93க்கு அருகில்தான். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது.

அதனால்தான் மூணாறில் குடித்தபோது மெதுவாக இருந்த அதே பொட்டலம் போடிக்கு வந்ததும் முரட்டுத் துவர்ப்பாகிறது. தேயிலை கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். கீழே இருப்பவர்கள் கறுப்புத் தேயிலையை 3 நிமிடத்தில் வடித்துவிடுங்கள். மேலே இருப்பவர்கள் பாத்திரத்தை முன்பே வெந்நீரால் சூடாக்கி, மூடி போட்டு, 4 நிமிடம் விடுங்கள். பழம் சேர்த்த பச்சைத் தேயிலைக்கு 75 முதல் 80 டிகிரி போதும். கொதித்த தண்ணீரைத் திறந்து வைத்துச் சில நிமிடம் ஆறவிட்டு ஊற்றினால் சரியாக இருக்கும். தேயிலை இல்லாத பழக் கலவைக்கு எந்த ஊரானாலும் நன்றாகக் கொதித்த தண்ணீர், 8 முதல் 10 நிமிடம். உலர்ந்த பழம் ஊறுவதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும்.

ருசிக்கும் முறை

தேயிலை வணிகத்தில் சுவை பார்ப்பவர்களுக்கென்று 1980ல் வந்த ஐ.எஸ்.ஓ. 3103 என்ற தரம், 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம் என்கிறது. குறைகள் எல்லாம் வெளியே வரட்டும் என்பதற்கான கடுமையான அளவு அது. வீட்டுக்கு அதே 2 கிராம் வைத்துக்கொண்டு நேரத்தை மட்டும் மேலே சொன்னபடி குறைத்துக்கொள்ளுங்கள். அளவும் நேரமும் ஒவ்வொரு முறையும் மாறினால் நீங்கள் ஒப்பிடுவது தேயிலையை அல்ல, உங்கள் கைப்பக்குவத்தைத்தான்.

காலை பத்து மணிக்கு மேல், பலகாரம் முடித்து ஒரு மணி நேரம் கழித்து உட்காருங்கள். பூண்டு ஊறுகாய், வெற்றிலை, பல்பொடி மணம் எதுவும் வாயில் இருக்கக் கூடாது. ஏலக்காய்க் கடையிலோ ஏலக்காய் உலர்த்தும் இடத்திலோ வேலை பார்ப்பவர்கள் குளித்து உடை மாற்றிவிட்டு வருவது நல்லது. அந்த மணத்துக்கு மூக்கு பழகிப்போய், பெர்கமாட்டும் ஆரஞ்சும் சப்பென்று தெரியும்.

உலர்ந்த இலையை முதலில் உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். பிறகு உள்ளங்கையைக் குவித்து, வாயால் ஒருமுறை வெப்பமாக ஊதி, உடனே முகருங்கள். பொட்டலத்தில் வராத மணங்கள் அப்போது வரும். தண்ணீர் ஊற்றி வடித்ததும் ஈர இலையை முகருங்கள். தேயிலையின் சொந்த மணம் அதிகம் வெளிப்படும் இடம் அதுதான். பிறகு கோப்பை. ஒரு கரண்டி எடுத்து, காற்றையும் சேர்த்துச் சத்தமாக உறிஞ்சுங்கள். வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் தோட்ட ஆபீஸில் டீ ருசி பார்ப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் உறிஞ்சுகிறார்கள், திரவம் நாக்கு முழுக்கத் தெறித்து, மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏற வேண்டும் என்பதற்காக.

இப்போது மூக்கை விரலால் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். பழத்தின் பெரும்பகுதி காணாமல் போய்விடும். எஞ்சுவது புளிப்பு, இனிப்பு, கசப்பு, துவர்ப்பு மட்டும். விரலை எடுத்ததும் பழம் திரும்ப வரும். மாம்பழம், பீச், லிச்சி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. நல்ல பழத்தேநீரில் மூக்கைப் பொத்தினாலும் நாக்குக்கு ஏதாவது மீதி இருக்கும்: சுத்தமான புளிப்போ, நாக்கின் ஓரங்களை மெல்ல இழுக்கும் துவர்ப்போ. மோசமானதில் சுடுதண்ணீர்தான் இருக்கும்.

ஒரே கோப்பையைச் சூடாக, வெதுவெதுப்பாக, ஆறிய பிறகு என்று மூன்று கட்டத்தில் ருசியுங்கள். சூடு பல குறைகளை மறைத்துவிடும். ஆறியதும் சோப்பு வாசமோ தைல வாசமோ வந்தால் மணச்சாறு மிஞ்சிப்போனது என்று பொருள். ஒரே உட்காரலில் நான்கைந்து கோப்பைக்கு மேல் வேண்டாம், நாக்கு சோர்ந்துவிடும். வெறும் தேயிலையில் தொடங்கி, ஆப்பிள், பீச் போன்ற மெல்லிய பழங்கள், பிறகு மாம்பழம், அன்னாசி, அதன்பின் எலுமிச்சை இனம், கடைசியில் ரோசெல், புதினா, ஏலம் சேர்ந்தவை என்று வரிசை வையுங்கள். நடுவே வெதுவெதுப்பான தண்ணீரும் உப்பில்லாத பொரியும் போதும்.

பிரித்துப் பார்க்கும் சோதனை

ஒரு பொட்டலத்தை மதிப்பிட மூன்று சோதனைகள் செய்வேன். இவ்வளவு வேறு எந்த முறையிலும் நான் கற்றுக்கொண்டதில்லை.

முதலாவது, ஒரு கரண்டி பழத்தேநீரை வெள்ளைத் தட்டில் கொட்டி, பழத் துண்டுகளையும் பூவிதழ்களையும் கையாலேயே பொறுக்கித் தனியாக வையுங்கள். இலையைத் தனியாக, பழத்தைத் தனியாக, ஒரே நேரம் ஊறவிடுங்கள். கறுப்புத் தேயிலைக் கலவைகள் பலவற்றில் அந்த ஸ்ட்ராபெரித் துண்டுகள் 3 நிமிடத்தில் தண்ணீருக்கு ஏறக்குறைய எதையும் கொடுக்காது. பழ மணம் முழுவதும் இலையின் மேல் தெளித்ததிலிருந்து வரும். துண்டுகள் கண்ணுக்காகப் போட்டவை. அது ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது, ஆனால் துண்டுகளின் அளவைப் பார்த்துக் கூடுதல் விலை கொடுக்கக் கூடாது. தேயிலை இல்லாத கலவையில் இதற்கு நேர்மாறாக நடக்கும். அங்கே துண்டுகள்தான் சுவை. அவை பெரிதாகவும் சுத்தமாகவும் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

இரண்டாவது சோதனை, இரண்டாம் தண்ணீர். வடித்த இலையிலேயே மறுபடி கொதிநீர் ஊற்றி 5 நிமிடம் விடுங்கள். தெளித்த மணம் முதல் தண்ணீரோடு பெரும்பாலும் போயிருக்கும். இப்போது வருவது அடித்தளத் தேயிலை. அது மண்ணாகவோ, வைக்கோலாகவோ, நிறம் மட்டும் உள்ள நீராகவோ இருந்தால், மட்டமான தூளை மறைக்கத்தான் பழம் வந்திருக்கிறது. இரண்டாம் தண்ணீரும் குடிக்கும்படி இருந்தால் அந்தப் பொட்டலம் என் அலமாரிக்கு வரும். ஒற்றைச் சோதனைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

மூன்றாவது, கண்ணால் பார்க்காமல் ருசிப்பது. கோப்பைகளின் அடியில் எண் எழுதி, வீட்டில் யாரையாவது இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். பெயரையும் நிறத்தையும் பார்க்காதபோது பீச்சையும் ஆப்ரிகாட்டையும் பிரிப்பது எவ்வளவு கடினம் என்று தெரியும். டப்பாவின் படம் நாக்குக்குச் சொல்லிக்கொடுத்தது எவ்வளவு என்பதும் தெரியும்.

நம் பழங்கள், நம் தேயிலை

கடைப் பொட்டலங்களில் பாதி நாம் மரத்தில் பார்த்தே இராத பழங்களின் பெயர் தாங்கியவை. நம் ஊரில் பழுக்கும் பழத்தின் உண்மையான மணம் மூக்கில் இருந்தால்தான் மணச்சாறு எங்கே பிசகுகிறது என்று பிடிபடும். ஆகவே, சேர்க்கத் தொடங்குகிறவர்கள் முதல் வருடம் உள்ளூர்ப் பழங்களைச் சுற்றியே சேர்த்தால் நல்லது என்பேன்.

கம்பம் பன்னீர்த் திராட்சையிலிருந்து தொடங்கலாம். 2023ல் புவிசார் குறியீடு பெற்ற பழம். மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகையைச் சேர்ந்தது. மஸ்கட் இனத் திராட்சையின் மணத்துக்குக் காரணமான லினலூல், ஜெரானியால் என்ற பொருள்கள் தேயிலையிலும் இயல்பாகவே இருக்கின்றன. இரண்டும் சேரும்போது சண்டை இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று இறங்குவது அதனால்தான். செய்முறை எளிது: 4 கிராம் ஆர்த்தடாக்ஸ் இலையை 200 மில்லி கொதிநீரில் 3 நிமிடம் ஊறவைத்து வடியுங்கள். பதினைந்து இருபது திராட்சையைக் கையால் பிசைந்து, விதை நொறுங்காமல், சாற்றைத் தனியாக வடியுங்கள். தேநீர் கொஞ்சம் ஆறியதும் மூன்று மேசைக்கரண்டிச் சாற்றைச் சேருங்கள். திராட்சையைத் தேயிலையோடு சேர்த்துக் கொதிக்கவைக்க வேண்டாம். தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்பு தேயிலையின் துவர்ப்போடு கூடித் தொண்டையைக் கட்டிவிடும்.

பேஷன் புரூட் இடுக்கி மலையில் பல வீட்டு வேலிகளில் படர்ந்திருக்கிறது. தாட்பூட் பழம் என்றும் சொல்வார்கள். அதன் மணம் சூட்டில் சீக்கிரம் பறந்துவிடும். அதனால் குளிர்ந்த தேநீருக்கே பொருத்தம். காய்ச்சி ஆறவைத்த முக்கால் லிட்டர் தண்ணீரில் 6 கிராம் இலையைப் போட்டு மூடி, குளிர்சாதனப் பெட்டியில் 8 மணி நேரம் வையுங்கள். குளிர்ந்த நீரில் துவர்ப்பு குறைவாகவே இறங்கும், அதனால் பழத்துக்கு இடம் கிடைக்கும். வடித்த பிறகு இரண்டு பழத்தின் சதையைச் சல்லடையில் தேய்த்து, கறுப்பு விதைகளை நீக்கிவிட்டு, குடிக்கும் நேரத்தில் கலக்குங்கள். அன்றே குடித்துவிட வேண்டும்.

காந்தளூர் ஆரஞ்சு கிடைக்கும் பருவத்தில் தோலை வீணாக்காதீர்கள். நன்றாகக் கழுவி, கத்தியால் மேல்தோலை மட்டும் மெல்லிசாகச் சீவுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும். நிழலில், காற்றோட்டமாக, வளைத்தால் ஒடியும் வரை உலர்த்துங்கள். மூணாறு ஈரத்தில் இது நடக்காது, பூசணம் பிடித்துவிடும். மறையூர், காந்தளூர்ப் பக்கம் மழை மறைவுப் பகுதி; அங்கேயோ, கீழே போடி, கம்பத்திலோ உறவினர் இருந்தால் அவர்கள் வீட்டில் உலர்த்தித் தரச் சொல்லுங்கள். 100 கிராம் இலைக்கு 8 முதல் 10 கிராம் உலர்ந்த தோல் போதும். காற்றுப் புகாத டப்பாவில் கலந்து ஒரு வாரம் மூடி வைத்தால் தேயிலையே மணத்தை இழுத்துக்கொள்ளும். தோல் கொஞ்சம்கூட ஈரமாக இருக்கக் கூடாது. பூச்சிமருந்து அதிகம் அடிக்காத தோட்டத்துப் பழமாகக் கேட்டு வாங்குங்கள்; தோலைத்தான் நாம் குடிக்கப் போகிறோம்.

அன்னாசி உலர்ந்தால் நன்றாக வரும். பச்சையாகப் போட்டால் தேயிலையை அமுக்கிவிடும். கொய்யாவின் மணம் அருமையானது, ஆனால் நிலைக்காது. மரத்தக்காளி எனக்குப் பிடிக்கவில்லை. அதன் காய்கறி வாசம் தேயிலையோடு சேரவே இல்லை. பலா வேண்டாம், அலமாரியில் இருக்கும் எல்லா டப்பாவும் பலாவாகிவிடும்.

சுலைமானிக்கு ஒரு குறிப்பு மட்டும். எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கி வடித்த பிறகே சேருங்கள். தீயில் சேர்த்தால் மணம் போய்க் கசப்பு நிற்கும். சாறு விழுந்ததும் தேநீர் வெளிறுவது தேயிலையின் நிறப் பொருள்கள் புளிப்பில் நிறம் மாறுவதால்தான். நீர்த்துப்போய்விட்டது என்று மேலும் தூள் போட வேண்டாம்.

பாலும் சர்க்கரையும்

புளிப்புப் பழம், ரோசெல், எலுமிச்சை சேர்ந்ததில் பால் ஊற்றினால் திரியும். பாலின் புரதம் புளிப்பு ஏறியதும் கட்டியாகிவிடும். பச்சை அன்னாசிச் சாறு பாலின் புரதத்தை உடைத்துக் கசப்பாக்கும். பெர்கமாட், மாம்பழ மணம் தெளித்த கறுப்புத் தேயிலைகள் பாலைத் தாங்கும், ஏனென்றால் அவற்றில் மணம்தான் இருக்கிறது, புளிப்பு இல்லை. மதிப்பிடும்போது மட்டும் எதுவும் சேர்க்காதீர்கள். குடித்து மகிழும்போது வெள்ளைச் சர்க்கரை கொஞ்சமாகச் சேர்ப்பதே பழத்துக்கு நல்லது. மறையூர்ச் சர்க்கரை என்ற வெல்லத்துக்கும் தேனுக்கும் சொந்த மணம் வலுவானது; அவை இஞ்சி டீக்குப் போகட்டும்.

வாங்கும்போது

மூணாறு கடைத்தெருவிலும் குமுளியிலும் வாசனைப்பொருள் கடைகளில் மாம்பழம், ஸ்ட்ராபெரி, ஆரஞ்சு, எலுமிச்சை என்று வரிசையாக அடுக்கியிருப்பார்கள். கூட்டமில்லாத நேரத்தில் போய்க் கேளுங்கள்: "அண்ணே, இது எசென்ஸ் போட்டதா, பழமே போட்டதா? இதுல போட்ட அதே இலை தனியா வெறுமனே கிடைக்குமா?" இரண்டாவது கேள்விக்கு நேராகப் பதில் சொல்லி, அந்த வெறும் இலையை எடுத்துக் காட்டுகிற கடைக்காரரை விடாதீர்கள். அடித்தள இலையும் பழம் சேர்த்ததும் ஜோடியாகக் கிடைப்பதைப் போல நல்ல பாடம் வேறில்லை.

பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். பொருள் பட்டியலில் முதலில் வருவதுதான் எடையில் அதிகம். இயற்கை மணமா, செயற்கை மணமா என்று அச்சிட்டிருப்பார்கள். செயற்கை என்றாலே ஒதுக்க வேண்டியதில்லை. இரண்டாம் தண்ணீர்ச் சோதனையில் தேறினால் போதும். தயாரித்த மாதத்தைப் பாருங்கள், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பழத்தேநீரை விட்டுவிடுங்கள். கண்ணாடிச் சாடியில் வெயில் படும்படி வைத்திருப்பதையும், மூடி திறந்த டப்பாவிலிருந்து அள்ளித் தருவதையும் வாங்க வேண்டாம். எப்போதும் 50 கிராம். கடைக்காரர் கால் கிலோவுக்குச் சலுகை சொன்னாலும் 50 கிராமே. சேகரிப்பின் சிறப்பு எண்ணிக்கையிலும் புதுமையிலும் இருக்கிறது, எடையில் இல்லை.

சேர்த்து வைப்பது

நல்ல தேயிலையில் ஈரம் 3 முதல் 5 சதம்தான். தன்னைச் சுற்றி இருக்கும் ஈரத்தையும் வாசத்தையும் அது பஞ்சைப் போல இழுக்கும். போடியில் ஏலக்காய் மூட்டை இருக்கும் அறையில் தேயிலை வைத்தால் ஒரே வாரத்தில் அது ஏலக்காய் டீ. மூணாறில் ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும் மழையில் திறந்து மூடுகிற ஒவ்வொரு முறையும் ஈரம் உள்ளே போகும். பழத் துண்டு கலந்தது இன்னும் மோசம். துண்டுகளின் ஈரமே இலைக்கு இறங்கும்.

இரட்டை மூடி போட்ட சிறிய தகர டப்பாக்கள் நல்லவை. ஒவ்வொரு மணத்துக்கும் ஒரு டப்பா என்று ஒதுக்கி, பெர்கமாட் இருந்த டப்பாவில் பிறகு ஆப்பிளைப் போடாதீர்கள். எத்தனை கழுவினாலும் போகாது. எலுமிச்சை இனம், புதினா, ஏலம் மூன்றும் தனி அலமாரி. குளிர்சாதனப் பெட்டி வேண்டாம், வெளியே எடுத்ததும் டப்பாவுக்குள் வியர்க்கும். மழைக்காலத்தில் நாள்தோறும் குடிக்கும் அளவை மட்டும் சின்ன டப்பாவில் பிரித்துக்கொண்டு, பெரியதை மூடியே வையுங்கள்.

மணம் தெளித்தவை திறந்த பிறகு மூன்று நான்கு மாதம். பழத் துண்டு உள்ளவை அதிலும் சீக்கிரம். துண்டுகள் ஒட்டிக்கொண்டாலோ, வெள்ளைப் பொடி பூத்தாலோ, பழைய துணி வாசம் வந்தாலோ மணத்துக்கு ஆசைப்படாமல் குப்பைக்குழிக்கு அனுப்பிவிடுங்கள்.

நோட்டு

ஒரு தேநீருக்கு ஒரு பக்கம். பெயர், வாங்கிய ஊர், தேதி, விலை, அடித்தளம் கறுப்பா பச்சையா, கிராம், நிமிடம், ருசித்த ஊரின் உயரம். பிறகு இனிப்பு, புளிப்பு, கசப்பு, துவர்ப்பு நான்குக்கும் ஐந்துக்கு எத்தனை என்று எண். மணத்துக்கு மட்டும் எண் வேண்டாம், சொற்கள் எழுதுங்கள், உங்களுக்குத் தெரிந்த பொருள்களாகவே. "கனியாத மாங்காய்க் காம்பு", "வெயிலில் காய்ந்த நாரத்தை", "கொழுந்து மூட்டை அவிழ்த்த வாசம்" என்று எழுதினால் அடுத்த வருடம் படிக்கும்போதும் அந்த மணம் உங்களுக்கு விளங்கும். "நன்றாக இருந்தது" என்பதிலிருந்து எதுவும் கிடைக்காது. இரண்டாம் தண்ணீர் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு வரி கட்டாயம்.

உடம்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் உணவின் இரும்புச் சத்து உடம்பில் சேர்வது குறையும். ரத்தசோகை உள்ளவர்கள் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் ரோசெல் கலவையை வழக்கமாகக் குடிப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தேயிலை உள்ளதை மாலை ஐந்துக்குள் முடித்துக்கொண்டால் தூக்கம் கெடாது.

பரிமாற்றம்

தனியாகச் சேர்த்தால் ஐம்பது கிராமைக்கூடக் காலி செய்ய முடியாமல் டப்பாக்கள் பழசாகும். மூன்று நான்கு பேர் சேர்ந்துகொள்ளுங்கள். மூணாறில் ஒருவர், குமுளியில் ஒருவர், கம்பத்திலோ தேனியிலோ ஒருவர் இருந்தால் சிறப்பு. ஒருவர் வாங்கும் 50 கிராமை 10 கிராம் பொட்டலங்களாகப் பிரித்து மற்றவர்களுக்கு அனுப்பலாம். ஒரு பொட்டலத்தில் ஐந்து கோப்பை வரும். அலுமினியப் பூச்சு உள்ள சிறிய உறையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஒட்டி அனுப்புங்கள். உறையின் மேல் பழத்தின் பெயரை எழுதாமல் எண் மட்டும் எழுதுங்கள். அவர்கள் ருசித்து நோட்டில் எழுதிய பிறகு பெயரைச் சொல்லலாம். கூடவே வெறும் அடித்தள இலையும் இரண்டு கிராம் இருக்கட்டும். நீங்கள் எத்தனை நிமிடம் ஊறவைத்தீர்கள், எந்த ஊரில் ஊறவைத்தீர்கள் என்று எழுதிவிடுங்கள். கீழே இருப்பவர் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ குறைத்துக்கொள்வார்.